இடைவேளையோடு எழும்புகிறவர்கள்

என் நாட்குறிப்புகளில் உதைபந்தாட்டத்தைப் பற்றி இருப்பவை, ஒன்றைத் தவிர, எல்லாம் பாதி ஆட்டங்கள். யார் யார் விளையாடினார்கள், எத்தனை மணிக்குத் தொடங்கியது, காற்று எந்தப் பக்கம், இடைவேளையின்போது கோல் எத்தனை என்று எழுதியிருக்கும். அதன் கீழே ஒரு கோடு. முடிவு இருக்காது. முடிவு எனக்குத் தெரியாமல் போனதில்லை. மறுநாள் காலை அலுவலகத்துக்குப் போகும் வழியில் தேநீர்க் கடையில் யாராவது சொல்லிவிடுவார்கள். ஆனால் கேட்டதை நான் எழுதுவதில்லை, பார்த்ததை மட்டும்தான் எழுதுவேன். நீர்ப்பாசன அலுவலகத்தில் படவரைஞனாக இருந்தவன் நான். வாய்க்கால் இந்த இடத்தில் வளைகிறது என்று ஒருவர் வந்து சொன்னால் அதை வைத்துக் கோடு கீற ஏலாது. போய் நின்று பார்த்துத்தான் கீற வேண்டும். அந்தப் பழக்கம் டயரிக்கும் வந்துவிட்டது.

பாதியில் நிற்பதற்குக் காரணம் நேரம். எங்கள் வீடு வாவிக்கு மேற்கே, வவுணதீவில். அலுவலகமும் விளையாட்டு மைதானமும் கிழக்கே, மட்டக்களப்புப் பட்டினத்தில். நடுவில் வலையிறவுப் பாலம், பாலத்தடியில் சோதனைச் சாவடி. சண்டை நடந்த அந்த வருடங்களில் சாவடிக்கு இந்தப் பக்கம் இயக்கத்தின் ஆட்சி, அந்தப் பக்கம் இராணுவத்தினுடையது. காலை ஏழு மணிக்குத் திறப்பார்கள், மாலை ஐந்தரைக்கு மூடுவார்கள். மூடினால் மூடினதுதான். அந்த நேரத்துக்குப் பிறகு வந்தவர் பட்டினத்திலேயே தங்க இடம் பார்க்க வேண்டும்.

நாலு மணி ஆட்டம் என்று நோட்டீஸில் போட்டால் நாலே காலுக்குத்தான் பந்து உருளும். ஐந்து மணிக்கு முன்பின்னாக இடைவேளை. விசில் ஊதியதும் படுவான்கரைக்காரர், அதாவது வாவிக்கு மேற்கே இருந்து வந்த நாங்கள், ஒரே நேரத்தில் எழும்புவோம். யாரும் யாருக்கும் சொல்வதில்லை. காற்சட்டையின் வலது காலை மடித்து, சைக்கிள் பூட்டின் திறப்பைக் கையில் எடுத்து, மதிலோடு சாத்தி வைத்த சைக்கிள்களை இழுத்துக்கொண்டு வரிசையாகப் புறப்படுவோம். பட்டினத்துச் சனம் பார்த்துச் சிரிக்கும். காத்தான்குடியிலிருந்து வந்து எங்கள் அலுவலக வாசலில் சாரம் விற்கும் முஸ்லிம் பெரியவர் ஒருவர் இருந்தார். அண்ணன் என்பதற்கு அவர்களுடைய சொல்லால் அவரை எல்லாரும் காக்கா என்போம். ஓர் ஆட்டமும் தவறவிடமாட்டார். எங்களுக்குப் பெயர் வைத்தவர் அவர்தான்.

"அந்தா, அரை நோன்புக்காரர் எழும்பிட்டாங்க," என்பார். சின்னப் பிள்ளைகள் ஆசைப்பட்டு நோன்பு பிடித்து, பசி தாங்காமல் மத்தியானத்தோடு முறித்துவிடுவதற்கு அவர்களிடத்தில் அப்படித்தான் பெயர். "மிச்ச அரையையும் புடிச்சிட்டுப் போங்களன் கிளாக்கர்."

நான் கிளாக்கர் அல்ல என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். மேசையில் இருந்து எழுதுகிறவர் எல்லாரும் கிளாக்கர்தான் என்பது அவருடைய முடிவு.

இந்த ஐந்தரை மணியால் எங்கள் வீட்டில் மனக்குறை வந்தது என் மனைவியின் தம்பியை வைத்து. அவன் நல்ல ஆட்டக்காரன் என்று எல்லாரும் சொன்னார்கள். ஆனால் அவனை இறக்கியதெல்லாம் இடைவேளைக்குப் பிறகுதான். மற்றவர்கள் களைத்திருக்கும்போது அவனை விட்டால் அந்த ஓட்டத்துக்கு யாரும் ஈடுகொடுக்க ஏலாது என்று அவனுடைய குழுவின் பயிற்றுநர் கண்டுபிடித்து வைத்திருந்தார். முதல் பாதி முழுவதும் கோட்டுக்கு வெளியே வாங்கில் இருப்பான். நான் எழும்பிப் போகும்போது சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருப்பான். தலையை நிமிர்த்தி ஒருமுறை பார்ப்பான். நான் கையைக் காட்டிவிட்டுப் போவேன்.

அவன் எங்களோடு வவுணதீவில் இருக்கவில்லை. இளவட்டங்கள் சாவடியைக் கடந்து போய்வருவது அப்போது இரண்டு பக்கத்திலும் நல்லதில்லை. ஒரு பக்கம் போக விடமாட்டார்கள், மறுபக்கம் ஏன் வந்தாய் என்பார்கள். அதனால் பட்டினப் பக்கம், ஆரையம்பதியில், சித்தப்பா வீட்டில் இருந்தான். என் மனைவி அவனைப் பார்ப்பது களுதாவளைப் பிள்ளையார் கோயில் திருவிழாவுக்குப் போகும்போதும், யாராவது செத்தாலும்தான்.

"உங்கட டயரியில எல்லாரும் இரிக்காங்க," என்றாள் ஒருநாள். அவள் என் டயரியைப் படிப்பாள். நான் ஒளித்து வைப்பதில்லை. "காத்து எந்தப் பக்கம் அடிச்ச எண்டு கூட இரிக்கி. என்ட தம்பிதான் இல்ல."

"அவன் இறங்கக்குள்ள நான் பாலத்தடியில நிப்பன்."

"ஒரு நாளைக்குப் பட்டினத்தில நிண்டா என்ன?"

நின்றிருக்கலாம். அலுவலக நண்பர் ஒருவர் தன் வீட்டில் தங்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஆனால் அங்கே தங்குவதென்றால் பொலிஸில் பெயர் பதிய வேண்டும், இங்கே அவளும் இரண்டு பிள்ளைகளும் தனியே. இவை பொய்க் காரணங்கள் அல்ல. ஆனாலும், அந்த வருடங்களில் எதையும் ஒழுங்கு மாற்றிச் செய்ய எனக்குத் தெம்பு இருக்கவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். காலையில் ஒரு வரிசை, மாலையில் ஒரு வரிசை. இரண்டுக்கும் நடுவில் இருப்பதைச் செய்துவிட்டு வந்து படுத்தால் போதும் என்றிருந்தது.

பிறகு அவன் கொழும்புக்குப் போய்விட்டான். அங்கே ஒரு கம்பனி, சாமான் களஞ்சியத்தில் வேலை கொடுத்துத் தன்னுடைய உதைபந்தாட்டக் குழுவிலும் சேர்த்துக்கொண்டது. நாலு வருடம் ஊருக்கு வரவில்லை. ஒருநாள் அக்காவுக்குக் கடிதம் வந்தது. கம்பனிக் குழுக்களுக்கிடையிலான போட்டியில் அவர்கள் இறுதியாட்டத்துக்கு வந்துவிட்டார்கள், பெரிய மைதானத்தில் ஆட்டம், அது முடிந்து நாலாம் நாள் அவன் கட்டாருக்கு வேலைக்குப் போகிறான், ஊருக்கு வந்து போக நேரமில்லை, அத்தானாவது வந்தால் சந்தோசம்.

அவள் இரண்டு தரம் வாசித்துவிட்டு என் மேசையில் வைத்தாள்.

"பிள்ளையள விட்டுட்டு நான் எப்பிடிப் போற? நீங்க போங்க. அவன் விளையாடுறத எங்கட ஆக்களில ஒராளாவது பாக்கோணும். இனி எப்ப வருவானோ தெரியா."

"போறன்."

"கடைசி விசில் ஊதுமட்டும் எழும்பப்படாது."

"எழும்பமாட்டன்."

"வந்து ஒண்டும் விடாமச் சொல்லோணும்."

அவள் கூனி வறுத்துச் செத்தல் மிளகாயும் தேங்காய்ப்பூவும் சேர்த்து இடித்தாள். வாவியில் பிடித்துக் காயவைத்த பொடி இறால் அது. வேறெதையும் அவன் இவ்வளவு ஆசையாகத் தின்னமாட்டான். ஒரு பால்மா டின்னில் அமுக்கி, மூடியை இறுக்கி, பொலித்தீனால் சுற்றி, என் துணிப்பைக்குள் வைத்தாள். எவ்வளவு சுற்றினாலும் மணம் வெளியே வந்துகொண்டுதான் இருந்தது.

வியாழக்கிழமை பாலத்தைக் கடந்து சைக்கிளை நண்பர் வீட்டில் விட்டு அன்றிரவு அங்கேயே தங்கினேன். வெள்ளிக்கிழமை காலை கொழும்பு பஸ். ஏறிப் பார்த்தால் காக்கா இருந்தார், புடவை எடுக்கப் போகிறாராம். எனக்கு அது பெரிய ஆறுதல். எனக்குச் சிங்களம் கொஞ்சம் விளங்கும், பேச வராது. அவருக்கு இரண்டும் வரும். வெலிக்கந்தைச் சாவடியில் எல்லாரையும் சோதனைக்கு இறக்கினார்கள். சாமான்களைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்து, வரிசையில் நின்று, அவிழ்த்துக் காட்டி, கட்டி, மறுபடி ஏறினோம். அதற்குப் பிறகு இன்னும் மூன்று இடங்களில் இறக்கினார்கள். ஒவ்வொரு இடத்திலும் டின்னைத் திறந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூடினார். டயரியில் அந்த நாளுக்கு நான் எழுதியிருப்பது: "இறங்கியது நாலு. ஏறியது நாலு. இடுப்பு நோவு."

விடுதியில் அடையாள அட்டையைக் கொடுத்துப் பதிந்தோம். மைத்துனன் ஒரு நண்பன் மூலம் இரண்டு டிக்கட் அனுப்பி வைத்திருந்தான். எங்கள் இருக்கை எது என்று அவனுக்குத் தெரியும் என்றும், அங்கே பார்ப்பேன் என்றும் துண்டில் எழுதியிருந்தான். இரண்டாவது டிக்கட்டைக் காக்காவுக்குக் கொடுத்தேன்.

"கிளாக்கர், இண்டைக்கு முழு நோன்பா?"

"முழு நோன்புதான்."

"பாப்பம்," என்றார்.

சனிக்கிழமை மூன்று மணிக்கே போய்விட்டோம். வாசலில் டிக்கட் கிழிக்கிறவர் பையைத் திறக்கச் சொன்னார். டின் மூடியைக் கொஞ்சம் நெம்பியதுமே மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் நின்றவரிடம் ஏதோ சொன்னார். இரண்டு பேரும் சிரித்துவிட்டுப் போகச் சொன்னார்கள்.

எங்கள் ஊர் மைதானத்தில் ஒரு பக்கம்தான் படிக்கட்டு. மற்றப் பக்கங்களில் மதிலும் அதன் மேல் ஏறி இருப்பவர்களும். இங்கே சுற்றிவர, நாலு பக்கமும், அடுக்கடுக்காகச் சனம். உயர்ந்த இரும்புக் கோபுரங்களில் விளக்குகள். புல்லை யாரோ மட்டம் பிடித்து வெட்டியிருந்தார்கள். வெள்ளைக் கோடுகள் நேராக இருந்தன. எங்கள் மைதானத்துக் கோடு ஆடு போன வழி மாதிரி இருக்கும். நடுவட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், நல்ல வட்டம். ஆனால் பரவசம் என்று சொல்ல எதுவும் வரவில்லை. முதல் நாள் பஸ்ஸில் இருந்த இடுப்பு அது. சீமெந்துப் படி சுட்டுக்கொண்டிருந்தது. பையைக் காலடியில் தள்ளிவிட்டு, டயரியை மடியில் வைத்துக்கொண்டு, முதுகுக்குச் சாய்மானம் இல்லையே என்று நினைத்தேன்.

மைத்துனனின் குழு மஞ்சள் சட்டை. அவன் வாங்கில் கடைசியாக இருந்தான். பதினைந்தாம் இலக்கம். நிமிர்ந்து எங்கள் பக்கம் தேடி, காக்கா எழும்பிச் சால்வையை ஆட்டியதும் கையைத் தூக்கினான். நாலு வருடத்துக்குப் பிறகு பார்க்கிறேன். அவ்வளவு தூரத்தில் முகம் விளங்கவில்லை.

சரியாக நாலு மணிக்குத் தொடங்கினார்கள். ஆளுக்கொரு கோல். எல்லாவற்றையும் எழுதினேன். நாலு நாற்பத்தேழுக்கு இடைவேளை விசில் ஊதியது. அதையும் எழுதிக் கீழே கோடு போட்டேன். கோடு போட்டது டயரியில் இருக்கிறது. காக்கா மறுபக்கம் திரும்பிக் கச்சான் கடலை வாங்கிக்கொண்டிருந்தார்.

அடுத்ததாக எனக்கு ஞாபகமிருப்பது ஒரு நீண்ட மதில். மதிலோடு சில சைக்கிள்கள் சாத்தியிருந்தன. என் காற்சட்டையின் வலது கால் மடித்திருந்தது. வலது கையில் என் சைக்கிள் திறப்பு. மூன்றாவது சைக்கிளின் பூட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மணி நாலு ஐம்பத்து மூன்று. எழும்பியதும், படியிறங்கியதும், தேநீருக்கும் சிறுநீருக்கும் போகிற சனத்தோடு வாசலைத் தாண்டியதும் எனக்குத் தெரியாது. இருபது முப்பது தடவை அல்ல, எத்தனையோ வருடமாக இந்த விசிலுக்கு எழும்பிய கால்கள் தாமாகவே போயிருந்தன.

திரும்பி வாசலுக்கு ஓடினேன். டிக்கட் கிழிக்கிறவர் கையை விரித்தார். வெளியே போனால் போனதுதான். பாதி டிக்கட்டைக் காட்டினேன். தலையை ஆட்டினார். அப்போதுதான் மதிலடியிலிருந்து இரண்டு பொலிஸ்காரர் என் பின்னால் வந்திருப்பதைக் கண்டேன். அவர்களில் மூத்தவர் எங்கள் பக்கம் எங்கேயோ வேலை செய்தவராக இருக்க வேண்டும். கொஞ்சம் தமிழ் பேசினார்.

"என்ன தேடுறது?"

"சைக்கிள்."

"எங்க சைக்கிள்?"

"மட்டக்களப்பில இரிக்கி," என்றேன்.

அடையாள அட்டையைக் கேட்டார். விலாசத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"மேட்ச் முடியல்ல. ஏன் வெளிய வாறது?"

"சாவடி மூடிப்போடுவாங்க எண்டு."

சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று விளங்கியது. கொழும்பில் எந்தச் சாவடி, யார் மூடுவது. விளக்கம் சொல்லத் தொடங்கினேன். பாலம், ஐந்தரை மணி, மைத்துனன், இரண்டாவது பாதி. சொல்லச் சொல்ல எனக்கே அது கட்டிய கதை மாதிரி இருந்தது. அப்போது டிக்கட் கிழிக்கிறவர் சிங்களத்தில் சொன்னது எனக்கு நன்றாக விளங்கியது: இந்த ஆள் உள்ளே போகும்போது ஒரு பை கொண்டுபோனார்.

மூத்தவர் என் கைகளைப் பார்த்தார். ஒரு கையில் டயரி, மற்றதில் திறப்பு.

"பை எங்க?"

"உள்ள. இருக்கைக்குக் கீழ."

அவர்களுடைய முகம் மாறியதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். அந்தக் காலத்தில் ஆளில்லாத ஒரு பை ஒரு தெருவையே வெறுமையாக்கிவிடும். வவுணதீவு விலாசத்தோடு ஒருவன், சனம் நிறைந்த மைதானத்தில் பையை வைத்துவிட்டு, ஆட்டம் முடியுமுன் வெளியே வந்து, இல்லாத சைக்கிளைத் தேடுகிறான். அவர்கள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் என் முகமும் மாறித்தான் இருக்கும். கம்பியில்லாக் கருவியில் பேசினார்கள். வேறு இரண்டு பேர் வந்தார்கள். என்னைச் சுவரோடு நிற்க வைத்துச் சட்டைப்பை, இடுப்பு, மடித்த கால் எல்லாம் தடவிப் பார்த்தார்கள். அதற்குள் உள்ளே ஆட்டம் தொடங்கிவிட்டது. சத்தத்தில் தெரிந்தது. அவன் இறங்கியிருப்பான். சரியாக ஐந்து எட்டுக்குப் பெரிய இரைச்சல் ஒன்று எழுந்தது. கோல் என்று தெரிந்தது. யாருடைய கோல் என்று தெரியவில்லை. கேட்கிற மாதிரி நிலைமையும் இல்லை.

ஐந்து பதினாலுக்கு என்னை உள்ளே கொண்டுபோனார்கள். இரண்டு பேர் முன்னால், இரண்டு பேர் பின்னால். நான் எங்கள் வரிசையைக் காட்டினேன். காக்கா பையின் மேல் இரண்டு காலையும் வைத்துக்கொண்டு கச்சான் தின்றுகொண்டிருந்தார்.

"எங்ககா போன நீங்க? உங்கட ஆள் குடுத்த பந்துதான் கோலாப் போன. இந்த மூலையில இருந்து..." என்றவர் என் பின்னால் நின்றவர்களைக் கண்டார்.

மூத்த பொலிஸ்காரர் பையைக் காட்டி யாருடையது என்று கேட்டார்.

காக்கா என்னைப் பார்த்தார். பையைப் பார்த்தார். தெரியாது, பக்கத்தில் இருந்த ஆளுடையது என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. அந்த வருடங்களில் அவருடைய ஊருக்கும் எங்கள் பக்கத்துக்கும் இருந்த மனத்தாங்கலை நினைத்தால், அப்படிச் சொல்லியிருந்தாலும் யாரும் அவரைக் குறை சொல்ல ஏலாது. அவர் காலை எடுத்துவிட்டு எழும்பி நின்றார். சிங்களத்தில் சொன்னார்: "எங்களுடைய பை. இரண்டு பேரும் ஒன்றாக வந்தோம்."

சுற்றியிருந்தவர்களை எழுப்பினார்கள். நாலைந்து வரிசை வெறுமையாகியது. என்னைத்தான் திறக்கச் சொன்னார்கள். பொலித்தீனைக் கழற்றினேன். டின் மூடி வெயிலில் இறுகிப்போயிருந்தது. நகம் பிடிக்கவில்லை. சைக்கிள் திறப்பைக் கொடுத்து நெம்பினேன். மூடி பறந்து படியில் விழுந்தது. சத்தத்துக்கு இரண்டு பேர் பின்னால் பாய்ந்தார்கள். பிறகு மணம் வந்தது.

மேல் வரிசையிலிருந்து ஒருவன் ஏதோ சொல்ல, சனம் சிரித்தது. மூத்தவர் மட்டும் குனிந்து இரண்டு விரலால் கொஞ்சம் எடுத்து முகர்ந்தார். வாயில் போட்டுக்கொண்டார். கூனி என்பதற்கு அவர்களுடைய சொல்லைச் சொன்னார். இன்னும் கொஞ்சம் எடுத்தார்.

"யாருக்கு?"

"அவனுக்கு," என்று மைதானத்தைக் காட்டினேன். "பதினைஞ்சு. மனிசிட தம்பி."

அவர் திரும்பிப் பார்த்தார். நானும் அப்போதுதான் பார்த்தேன். மஞ்சள் சட்டை, பதினைந்தாம் இலக்கம், எங்களுக்கு நேரே கோட்டோரம் நின்றது. அவன் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நாலு பொலிஸ்காரருக்கு நடுவே அத்தான். அவனுடைய ஆள் ஒருவன் நீட்டாக அடித்த பந்து அவனை நோக்கி வந்தது. தடுக்க யாரும் இல்லை. நடந்துபோய் எடுத்திருக்கலாம். பந்து அவனுடைய காலுக்கு இரண்டடி தள்ளி உருண்டு கோட்டைத் தாண்டி வெளியே போனது. சனம் கூவென்றது. அவன் அப்போதும் எங்களைத்தான் பார்த்தான். ஐந்து பதினேழு.

காக்கா இரண்டு கையாலும் வாயைக் குவித்துக்கொண்டு அவனை நோக்கிக் கத்தினார்: "ஒண்டுமில்ல! நீ விளையாடு மனே!"

பொலிஸ்காரரில் மூன்று பேர் போனார்கள். மூத்தவர் போகவில்லை. ஆட்டம் முடிந்த பிறகு விபரம் எழுத வேண்டும் என்றும், அதுவரை அசையக்கூடாது என்றும் சொல்லிவிட்டு என் இடப்பக்கத்தில் உட்கார்ந்தார். அப்படியாக நான் கடைசி விசில் வரை எழும்பாமல் இருந்தேன். மைத்துனனுக்கு அதற்குப் பிறகு ஒன்பது தடவை பந்து வந்தது. ஒன்பதையும் எழுதினேன். எந்தக் காலால் எடுத்தான், யாருக்குக் கொடுத்தான், எதை இழந்தான் என்று. ஆறாவது தடவை இரண்டு பேரைக் கடந்துபோய் அடித்தான். கம்பத்துக்கு மேலே போனது. மூத்தவர் "அடடா" என்கிற மாதிரி நாக்கைச் சப்புக்கொட்டினார். ஐந்து ஐம்பதுக்கு விசில். மஞ்சள் இரண்டு, மற்றது ஒன்று. என் டயரியில் முடிவோடு இருக்கும் ஒரே ஆட்டம் அதுதான்.

பொலிஸ்காரர் என் பெயர், தகப்பன் பெயர், விடுதி எல்லாம் எழுதிக்கொண்டு அட்டையைத் திருப்பித் தந்தார். "வீட்டுக்குப் போங்க," என்றார். பிறகு பையைப் பார்த்து, "அவருக்குக் குடுங்க," என்றார்.

வாசலில் அவன் வந்தபோது தலை நனைந்திருந்தது. தைல மணம். நிற்க நேரமில்லை, கம்பனி பஸ் காத்திருந்தது.

"என்னவாம் அத்தான்?"

"ஒண்டுமில்ல. பையைப் பாத்தாங்க."

"நான் கண்டன், நீங்க எழும்பிப் போறத. சப்பாத்துக் கட்டிக்கொண்டு நிமிந்தன், அத்தான் போறார். சரி, வலையிறவுக்குப் போறார் எண்டு நினைச்சன்." சிரித்தான். நாங்கள் இருவரும் சிரித்தோம். பிறகு அவன் சொன்னான், "அந்தப் பந்த அக்காட்டச் சொல்லாதீங்க."

"எந்தப் பந்து?"

"அதான், உங்களப் பாத்துக்கொண்டு விட்டது."

"சொல்லமாட்டன். நீயும் பொலிஸ் வந்ததச் சொல்லாத."

டின்னைக் கொடுத்தேன். மூடியைக் காணவில்லை, பொலித்தீனால் கட்டியிருந்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினான்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி நாலு இடத்தில் இறங்கி ஏறி, திங்கட்கிழமை பாலத்தைக் கடந்து வீட்டுக்கு வந்தேன். அவள் காய்ந்த உடுப்புகளைக் கட்டிலில் போட்டு மடித்துக்கொண்டிருந்தாள். முகம் கழுவக்கூட விடவில்லை.

"முழுசாப் பாத்தீங்களா?"

"கடைசி விசில் ஊதுமட்டும் இருந்தன்."

டயரியைத் திறந்து வாசித்தேன். முதல் பாதியை வாசிக்கும்போது பிள்ளையின் காற்சட்டையை உதறிக்கொண்டிருந்தாள். இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் அவன் கொடுத்த பந்து கோலாகியதை வாசித்தேன். காக்கா சொன்னதைக் கேட்டு விடுதியில் இருந்து எழுதியது அது. காக்கா சொன்னார் என்பதை வாசிக்கவில்லை. ஐந்து பதினேழு டயரியில் இல்லவே இல்லை. இரண்டு வரி விட்டிருந்தேன். பார்க்காததை எழுதி, பார்த்ததை விட்டது என் வாழ்நாளில் அந்தப் பக்கத்தில் மட்டும்தான். இப்போது அவனிடம் கேட்டு, அவன் ஓம் என்ற பிறகே இங்கே எழுதுகிறேன்.

ஒன்பது தடவையையும் வாசித்து முடித்தேன். அவள் ஆறாவதை மட்டும் திருப்பி வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். இன்னும் இரண்டு உடுப்பை மடித்து வைத்தாள்.

"ஆள் எப்பிடி இரிக்கான்? மெலிஞ்சிட்டானா?"

டயரியைப் புரட்டினேன். எந்தக் கால், எத்தனையாவது நிமிடம், எத்தனை பேரைக் கடந்தான், எல்லாம் இருந்தது. அது இல்லை. வாசலில் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில் ஈரத் தலையையும் டின்னையும்தான் பார்த்திருக்கிறேன். முகத்தை நினைத்துப் பார்த்தேன். நாலு வருடத்துக்கு முந்திய முகம்தான் வந்தது.

அவள் மடிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சட்டை பெரிசா இருந்த," என்றேன். "ஓடக்குள்ள பின்னால காத்தடிச்சுப் பொம்மின."

"அப்ப மெலிஞ்சுதான் போயிட்டான்," என்றாள். கையிலிருந்த சட்டையின் தோளை விரித்து, ஒரு சாண் வைத்து அளந்து பார்த்துவிட்டு, மடித்து வைத்தாள்.